கழுவுவதற்கு முன் ஐந்து நிமிடம்

குரு மூத்தவர், சீடர் இளையவர் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பிழை. இத்தனை காலம் இதை யாரும் திருத்தாமல் விட்டது வருத்தத்துக்குரியது. குருவுக்கு வெண்தாடி உண்டு, அவர் ஆலமரத்தடியில் அமர்ந்திருப்பார் என்பவையெல்லாம் ஓவியர்களின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கங்கள். தாடி வரைந்துவிட்டால் முகவாய் வரைய வேண்டியதில்லை. ஆலமரம் வரைந்துவிட்டால் வேறெதுவுமே வரைய வேண்டியதில்லை.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. தாடி இருந்தது சீடருக்கு. அதுவும் மூன்று நாள் தாடி. ஆலமரம் இருக்க வேண்டிய இடத்தில் தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகம் இருந்தது. அதன் மேற்கு ஜன்னலில் இரண்டு கண்ணாடிகள் கிடையாது. ஆனி மாதம் பிறந்ததும் மலையிலிருந்து இறங்கும் சாரல் காற்று அந்த வழியாக உள்ளே வந்து, மேசை மேசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிழக்குக் கதவு வழியாக வெளியே போகும்.

சீடரின் பெயர் கோமதிநாயகம். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த ஆய்வகத்தின் பணியாளர். காலையில் கருவிகளை எடுத்து வைப்பார். மாணவர்கள் முடித்ததும் வாங்கிக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். மாணவர்களுக்கு அவர் அண்ணாச்சி.

குருவின் பெயர் உலகம்மாள். அதே ஆய்வகத்தில் படித்து, வெளியூர் போய் முனைவர் பட்டம் வாங்கி, அந்தக் கல்லூரிக்கே பேராசிரியையாகத் திரும்பி வந்தவர். ஒரு காலத்தில் "ஏ பிள்ள, தராசுல சாயாத" என்று அவரை அதட்டிய கோமதிநாயகம் இப்போது மேடம் என்று அழைத்தார். உலகம்மாள் மட்டும் பழைய அண்ணாச்சியை மாற்றவில்லை.

ஆய்வகப் பணியாளர் என்ற பதவியையே எடுத்துவிடுவதென்று கல்லூரி நிர்வாகம் அந்த ஆண்டு முடிவு செய்திருந்தது. இனி ஆய்வக உதவியாளர் என்ற பதவி மட்டும்தான். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் முன்னால் ஒரு சோதனையைச் செய்து காட்டித் தேறினால் அந்தப் பதவி கோமதிநாயகத்துக்கு. தேறாவிட்டால் அவர் ஆண்கள் விடுதியின் அரிசிக் கிடங்குக்கு மாற்றப்படுவார். மூன்று வாய்ப்புகள் உண்டு. இரண்டு ஏற்கெனவே போய்விட்டன.

முதல் முறை, தேர்வாளர் கேட்ட முதல் கேள்விக்கே வாயடைத்து நின்றார். கேள்வி "உங்க பேரென்ன?" என்பது.

இரண்டாம் முறை நன்றாகத்தான் செய்தார். மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் சோதனை. சூடு வெளியேறாதபடி மரப்பெட்டிக்குள் வைத்த ஒரு செம்புப் பாத்திரத்தில் நீர் ஊற்றி, அதற்குள் கம்பிச்சுருளை இறக்கி, மின்சாரம் செலுத்தி, கொடுத்த ஆற்றல் எவ்வளவு, ஏறிய வெப்பம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குக் கலோரிமீட்டர் என்று பெயர். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க இத்தனை ஜூல் என்பது விடை. நூல்களில் 4.18 என்று இருக்கும். கோமதிநாயகம் அட்டவணையை நிரப்பி, கணக்குப் போட்டு, 4.18 என்று எழுதிக் கொடுத்தார். அப்பழுக்கற்ற விடை. சோதனை நடந்த நாற்பது நிமிடமும் ஊரில் மின்சாரம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அவர் ஏமாற்றவில்லை. அது கைப்பழக்கம். "அண்ணாச்சி, எவ்வளவு வரணும்?" என்று இருபத்தாறு ஆண்டுகளாக மாணவர்கள் அவர் காதருகே வந்து கேட்கிறார்கள். "ஆரம்பம் இருபத்தேழு போடு. முடிவு நாப்பது புள்ளி ஏழு போடு. போ" என்று அவரும் இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

மூன்றாம் முறையும் அதே சோதனைதான் விழுந்தது. தேர்வு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மாலை, மாணவர்கள் போன பிறகு, கோமதிநாயகம் உலகம்மாளின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்தத் தடவ கரண்ட் இருக்கும்போதே செஞ்சு பாத்தேன்."

"நல்ல முன்னேற்றம்."

"நாலு புள்ளி எட்டு ஒண்ணு வருது மேடம். நாலு தரம் செஞ்சிட்டேன். ஒரு தரம் தொண்ணூறு கூட வந்துது. கீழ எறங்கவே மாட்டேங்குது."

"நாப்பது புள்ளி ஏழு வரைக்கும் ஏறலையா?"

கோமதிநாயகம் தலையைச் சொறிந்தார். "முப்பத்தொம்பதோட நின்னுருது. அந்த நாப்பது புள்ளி ஏழ நான் இதுவரைக்கும் கண்ணால பாத்ததே இல்ல மேடம். எனக்கு முன்னால இருந்தவர் சொன்னாரு, நானும் சொல்லுதேன்."

"எனக்கும் சொன்னீங்க."

"உங்களுக்குமா?"

"இருபதுக்கு இருபது வாங்கினேன். அந்தப் பழக்கம் விட எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு."

கோமதிநாயகம் இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், பொதுவாகத் தலையசைத்து வைத்தார்.

"புஸ்தகம் தப்பா, நான் தப்பா? அத மட்டும் சொல்லிருங்க."

"ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. நீங்க குடுக்குற சூடெல்லாம் தண்ணியிலயே தங்காது. கொஞ்சம் வெளிய போயிரும். போனதையும் சேத்துக் கணக்குப் போட்டா சரியா வரும்."

"எங்க போகுது?"

உலகம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "சுவிட்ச அணைச்ச பிறகு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"என்ன செய்ய? கழுவிக் கவுத்திட்டேன்."

"நாலு தரமும்?"

"நாலு தரமும் பளிச்சுன்னு."

உலகம்மாள் தொட்டி ஓரத்தைப் பார்த்தார். கலோரிமீட்டர் கவிழ்ந்து, துடைத்து, மாலை வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு துளி நீர் இல்லை.

"அண்ணாச்சி, பத்து நிமிஷம் சூடாக்குறீங்க. அணைச்ச பிறகு அதுல பாதி நேரம், அஞ்சு நிமிஷம், அப்படியே விட்டு எவ்வளவு எறங்குதுன்னு பாக்கணும். எறங்கினத மேல கூட்டிக்கணும்."

"பத்து நிமிஷம் சூடாக்கினதுக்கு அஞ்சு நிமிஷம் போதுமா?"

"ஏறும்போது முக்காவாசி நேரம் தண்ணிக்கு அவ்வளவு சூடு இல்லையே? சூடு கொஞ்சமா இருந்தா போறதும் கொஞ்சம். முழுசா சூடான பிறகு வேகமாப் போகும். பத்து நிமிஷத்துல போனதும், இந்த அஞ்சு நிமிஷத்துல போறதும் ஏறத்தாழ ஒண்ணுதான்."

கோமதிநாயகத்துக்கு இது பிடித்திருந்தது. புரியவும் செய்தது. அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். அணைத்த பிறகு ஒரு பாத்திரம் எதற்கு மேசையில் இருக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை மாலை அவர் தாளோடு வந்தார்.

"அஞ்சு நிமிஷம் விட்டேன் மேடம்."

"எவ்வளவு எறங்குச்சு?"

"மூணரை."

"மூணரையா? விடை என்ன வந்துது?"

"மூணு புள்ளி ஆறு எட்டு." அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து மேல போச்சு. இன்னைக்குக் கீழ போச்சு."

"அஞ்சு நிமிஷம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யல மேடம். நீங்க சொன்னபடி சும்மாதான் நின்னேன்."

"சும்மான்னா?"

"சும்மா நிக்கையில, வெளிப்பக்கம் கொஞ்சம் கறையா இருந்துது. பெட்டியில இருந்து எடுத்து ஈரத்துணி போட்டு..."

உலகம்மாள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஈரத்துணி உலர்வதற்கும் சூடு வேண்டும், அதை அந்தத் துணி பாத்திரத்திலிருந்துதான் எடுக்கும் என்பதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ சூடு துணிக்குப் போச்சா?" என்றார் கோமதிநாயகம், பிடி கிடைத்தவராக.

"இன்னைக்கு."

"நேத்து?"

"நேத்து நீங்க பாக்கலையே அண்ணாச்சி."

புதன்கிழமை உலகம்மாள் கூடவே இருந்தார். கோமதிநாயகம் நூற்றிருபது கிராம் நீரைத் தராசில் நிறுத்து ஊற்றினார். கருவிகளை இணைப்பதில் அவருக்கு ஈடு அந்தக் கல்லூரியில் யாரும் இல்லை. கம்பி முனைகளை நகத்தால் சுரண்டி, திருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, ஆறு வோல்ட், இரண்டு ஆம்பியர் என்று முள்களை அவர் கொண்டு நிறுத்தினால் அவை அசையாது. பத்து நிமிடம் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும் சுவிட்சை அணைத்தார். அதே வீச்சில் கை பாத்திரத்துக்குப் போனது.

"அண்ணாச்சி."

கை பாதியில் நின்றது.

உலகம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பின்னால் போட்டார். "உட்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

"லேப்லயா?"

இருபத்தாறு ஆண்டுகளில் கோமதிநாயகம் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. யாரும் கூடாதென்று சொன்னதில்லை, உட்காரென்றும் சொன்னதில்லை. ஸ்டூல்களைத் துடைத்திருக்கிறார், எண்ணியிருக்கிறார், ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறார்.

"நீங்க நிக்கும்போது எப்பிடி மேடம்?"

உலகம்மாள் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார், ஒரு கால் மட்டும் ஓடத் தயாராக வெளியே நீண்டிருந்தது.

"தெர்மாமீட்டரப் பாருங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"முப்பத்தெட்டு புள்ளி எட்டு... முப்பத்தெட்டு புள்ளி ஏழு..." அவர் குரல் மெல்ல நிதானத்துக்கு வந்தது. மேசையின் அடிப்பக்கத்தை அவர் முதன்முறையாகப் பார்த்தார். பதினெட்டு பெயர்களும் ஓர் இதயமும் காம்பஸ் முனையால் கீறப்பட்டிருந்தன. "மேடம், இந்தச் சூடு..."

அப்போது நடைபாதையில் துறைத் தலைவர் இருமினார். அவர் உள்ளே வரவில்லை. கழிவறைக்குப் போகும் வழியில் இருமினார், அவ்வளவுதான். இருமல் ஓய்வதற்குள் கோமதிநாயகம் எழுந்துவிட்டார், பாத்திரம் தொட்டிக்குப் போய்விட்டது, நீர் வடிந்துவிட்டது.

கையில் கவிழ்ந்த பாத்திரத்தோடு அவர் திரும்பிப் பார்த்தார்.

"மேடம். நான் வேணும்னு செய்யல."

"தெரியும் அண்ணாச்சி."

"அரிசிக் கிடங்குதான் எனக்கு."

உலகம்மாள் எழுந்தார். அன்று காலை வகுப்பில் பயன்பட்ட கண்ணாடிக் குவளைகள், கலக்கிகள், புனல்கள், மறுநாளைக்கென்று ஊறவைத்த பன்னிரண்டு பழைய கலோரிமீட்டர்கள், எல்லாம் தொட்டியருகே இருந்தன. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கழுவ ஆரம்பித்தார்.

"மேடம்! என்ன இது, வைங்க! யாராவது பாத்தா..."

"நில்லுங்க அங்கேயே."

புளி போட்டுத் தேய்த்தார். அவ்வளவு நன்றாகத் தேய்க்கவில்லை என்பது கோமதிநாயகத்தின் அபிப்பிராயம். செம்பின் ஓரங்களில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. மூன்று முறை அவர் கை முன்னால் நீண்டது. மூன்று முறையும் உலகம்மாள் திரும்பிப் பார்த்தார். கடைசியில் துடைத்து, கவிழ்த்து, ஈரத்துணியையும் பிழிந்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் காயவைத்து, மேசைக்குக் கொண்டுவந்து, வெறுமையாகவே பெட்டிக்குள் இறக்கி, வெப்பமானியையும் நிறுத்தினார்.

"கழுவ இனிமே ஒண்ணுமில்ல. உட்காருங்க. அஞ்சு நிமிஷம்."

"தண்ணி இல்லையே மேடம்."

"இல்ல."

"கரண்டும் இல்ல."

"இல்ல."

"எதப் பாக்க?"

"தெர்மாமீட்டர."

கோமதிநாயகம் உட்கார்ந்தார். வெப்பமானி இருபத்தேழில் நின்றது. அரை நிமிடம் கழித்தும் இருபத்தேழில் நின்றது. சாரல் காற்று உள்ளே வந்து அவர் சட்டைக் காலரைத் தூக்கிப் பார்த்தது. நடைபாதையில் துறைத் தலைவர் திரும்பும் வழியில் மறுபடி இருமினார். கோமதிநாயகத்தின் முழங்கால் ஒருமுறை துள்ளியது. அவர் அதன்மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆனது.

"எவ்வளவு எறங்குச்சு?"

"ஒண்ணும் எறங்கல மேடம்."

"சரி. நாளைக்கு லீவு எடுத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை வாங்க."

"மேடம், அந்தக் கேள்வி. எங்க போகுதுன்னு..."

"பஸ் வந்துரும் அண்ணாச்சி. நான் போறேன்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே சாரல். வெளியூர்த் தேர்வாளர் மழைக்கோட்டை ஜன்னலில் மாட்டிவிட்டு, வந்தவுடன் கேட்ட கேள்வி, ஒன்று பத்து பேருந்து நேரத்துக்கு வருமா என்பது. வரும் என்று எல்லோரும் உறுதி சொன்னார்கள். உலகம்மாளுக்கு அந்த நேரம் ஆய்வகத்தில் இருக்க அனுமதி இல்லை. அவர் மாடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மின்சாரம் இருந்தது. கோமதிநாயகம் அதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

"உங்க பேரு?"

"கோமதிநாயகம்" என்றார் அவர், சட்டென்று.

இணைப்புகளைத் தேர்வாளர் இழுத்துப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். தொடக்க வெப்பநிலை இருபத்தேழு. பத்து நிமிடம் கலக்கினார். முப்பத்தொன்பதில் வந்து நின்றது. சுவிட்சை அணைத்தார்.

கை எழுந்தது. பாத்திரத்தின் விளிம்பு வரை போனது. செம்பின் இளஞ்சூடு விரல் நுனியில் பட்டது. அவ்வளவு தூரம் போன கை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அது திரும்பி வந்தது. ஒரு ஸ்டூலை இழுத்தது. தேர்வாளர் நின்றுகொண்டிருக்க, கோமதிநாயகம் உட்கார்ந்தார். கலக்கியை மெல்ல ஆட்டிக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தார்.

தேர்வாளர் அவரையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"இல்ல சார். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"அதான் அணைச்சாச்சே?"

"அணைச்ச பிறகுதான் சார் இருக்கு." பிறகு, உபசாரம் தவறிவிட்டதே என்ற பதற்றத்தில், "நீங்களும் உட்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடாது" என்றார்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். இருவரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு புள்ளி எட்டு. முப்பத்தெட்டு புள்ளி ஐந்து. மழை பலத்தது. யாரோ நடைபாதையில் இருமினார்கள். கோமதிநாயகம் முழங்காலில் கை வைத்துக்கொண்டார்.

முப்பத்தேழு புள்ளி நான்கு. ஒன்று புள்ளி ஆறு டிகிரி இறங்கியிருந்தது. அதை ஏற்றத்தோடு கூட்டி, செம்புப் பாத்திரம் எடுத்துக்கொண்ட சூட்டைக் கழித்து, நீண்ட வகுத்தலை அடித்தல் இல்லாமல் போட்டு, விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார்.

தேர்வாளர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"நாலு புள்ளி ரெண்டு ரெண்டா?"

"ஆமா சார்."

"நாலு புள்ளி ஒண்ணு எட்டுல்ல வரணும்?"

இருபத்தாறு ஆண்டுகள் அந்த எண் கோமதிநாயகத்தின் நாக்கு நுனியில் இருந்தது. இப்போதும் இருந்தது. இறங்கிய ஒன்று புள்ளி ஆறை ஒன்று புள்ளி ஏழு என்று திருத்தினால் போதும், முடிவு நாற்பது புள்ளி ஏழு ஆகிவிடும். பேனா கையிலேயே இருந்தது. அடுத்த கட்டடத்தில் அரிசிக் கிடங்கும் இருந்தது.

"வரணும் சார்" என்றார். "ஆனா வந்தது இது."

தேர்வாளர் தாளைக் கீழே வைத்தார். பிறகு வெப்பமானியைக் காட்டிக் கேட்டார். "சரி. எறங்குச்சே, அந்த ஒண்ணு புள்ளி ஆறு டிகிரி. அது எங்க போச்சு?"

மாடியில் வகுப்பு முடிந்து உலகம்மாள் இறங்கி வந்தபோது ஒன்றரை மணி. ஆய்வகத்தில் கோமதிநாயகம் மட்டும் இருந்தார். நின்றுகொண்டிருந்தார்.

"பஸ்ஸ விட்டுட்டாரு மேடம். திட்டிக்கிட்டேதான் போனாரு."

"யார?"

"டிரைவர."

"நீங்க?"

"உட்காந்தேன் மேடம்." அவர் நடந்ததைச் சொன்னார். விடையைச் சொன்னார். "கடைசியா ஒண்ணு கேட்டாரு. அந்த ஒண்ணு புள்ளி ஆறு எங்க போச்சுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கும் அதே சந்தேகந்தான் சார், மேடம்கிட்ட திங்கக்கிழமையே கேட்டுட்டேன், அவங்க இன்னும் சொல்லல, அப்பிடின்னேன்."

உலகம்மாள் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவர் என்ன செஞ்சார்?"

"சிரிக்கல. ஏதோ எழுதிக்கிட்டாரு." கோமதிநாயகம் ஓர் அடி முன்னால் வந்தார். "இப்பவாவது சொல்லுங்க மேடம். எங்கதான் போகுது?"

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்கு ஜன்னலின் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார்.

"நான் முதல் வருஷம் படிக்கும்போதும் அங்க கண்ணாடி இல்ல."

"அதுக்கு முன்னாலயும் கிடையாது மேடம். எழுதிப் போட்டிருக்கோம்."

"முதல் பிராக்டிகல் அன்னைக்கு இதே மாதிரி சாரல். பஸ்ல ஜன்னல் பக்கம் நின்னு நனைஞ்சு வந்தேன். கை வெறச்சுப் போச்சு. பேனாவப் பிடிக்க முடியல. எல்லாரும் எழுதிட்டுக் கேண்டீனுக்குப் போயாச்சு, நான் மட்டும் அழுதுக்கிட்டு நிக்கேன். நீங்க பாத்திரம் எடுத்துக்கிட்டே வந்தீங்க. என் மேசையில வந்து நின்னு, அதட்டப் போறீங்கன்னு நெனச்சேன். அந்தச் சூடான கலோரிமீட்டர எடுத்து என் ரெண்டு கையிலயும் வச்சு, 'பிடிச்சுக்க தாயி, எப்பிடியும் ஊத்தத்தானே போறேன்'னீங்க. மத்ததெல்லாம் கழுவிட்டுக் கடைசியா வந்து அத வாங்கிக்கிட்டீங்க. அதுக்குள்ள என் பேர எழுதிட்டேன்."

கோமதிநாயகம் நெற்றியைச் சுருக்கினார். இருபத்தாறு ஆண்டுகளில் கழுவிய பாத்திரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பவர் போலிருந்தது அவர் முகம்.

"எனக்கு நெனவே இல்லையே மேடம்."

"பாத்திரத்துக்கு எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்றார் உலகம்மாள். "கைக்குத்தான் இருக்கும்."

மேசையில் அன்றைய கலோரிமீட்டர் நீரோடு இன்னும் இருந்தது. வெப்பமானி இருபத்தேழை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் உத்தரவு வந்தது. ஆய்வக உதவியாளர் கோமதிநாயகம் தராசு அலமாரியின் சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார்.

அந்தப் பருவத்தில் நீரைச் சூடாக்கும் சோதனையைச் செய்த முதலாண்டு மாணவர்கள் முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கும் 4.18 வரவில்லை.